திட ஹைட்ரஜனில் மூலக்கூறு சுழல்வதை அளப்பது எப்படி? பாரா படிகம் வளர்ப்பது முதல் ராமன் மும்மைக் கோடு வரை

வாயு ஹைட்ரஜனில் ஒரு மூலக்கூறைச் சுழற்சியே இல்லாத அடிமட்டத்திலிருந்து அடுத்து அனுமதிக்கப்பட்ட மட்டத்துக்கு ஏற்ற 354.4 செ.மீ.⁻¹ ஆற்றல் வேண்டும் (செ.மீ.⁻¹ என்பது நிறமாலையியலில் ஆற்றலை அளக்கும் அலகு). அதே ஹைட்ரஜனை 4 கெல்வினில் கண்ணாடிபோல் தெளிந்த கட்டியாக்கி அளந்தால் 351.8, 353.9, 355.8 என்று மூன்று கோடுகள் தெரியும். நடுக்கோடு ஏறத்தாழ பழைய இடத்திலேயே இருக்கிறது. உறைந்த பிறகும் மூலக்கூறு வாயுவில் சுழல்வதுபோலவே சுழல்கிறது. பக்கத்து மூலக்கூறுகள் அதன்மேல் விடும் தடயம் அந்த 4 செ.மீ.⁻¹ விரிவு மட்டுமே.

அந்த விரிவைக் கண்ணால் பார்த்து அளப்பதற்கான வழி கீழே. பெரும்பாலோர் ஒளியியலில்தான் கஷ்டம் இருக்கும் என்று நினைத்து இறங்குவார்கள். ஆனால் சோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் வாயுவில். ஆர்த்தோ அளவு கட்டுக்குள் இல்லையென்றால் எவ்வளவு விலையுயர்ந்த நிறமாலைமானி இருந்தும் பயனில்லை.

முதலில் ஆர்த்தோ, பாரா

ஹைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு புரோட்டான்கள். அவற்றின் ஸ்பின்கள் எதிரெதிராக இருந்தால் பாரா, ஒரே திசையில் இருந்தால் ஆர்த்தோ. குவாண்டம் சமச்சீர் விதிப்படி பாராவுக்குச் சுழற்சி எண் ஜே இரட்டைப்படையாக மட்டுமே வரும் (0, 2, 4), ஆர்த்தோவுக்கு ஒற்றைப்படையாக மட்டுமே (1, 3, 5). ஆகவே எவ்வளவு குளிர்வித்தாலும் ஆர்த்தோ மூலக்கூறு ஜே=1-க்குக் கீழே இறங்காது. புரோட்டான் ஸ்பின் புரண்டால்தான் இறங்க முடியும், அது தானாக எளிதில் நடப்பதில்லை.

அறை வெப்பநிலை வாயுவில் ஆர்த்தோ 75%, பாரா 25%. ஜே=1 மட்டம் ஜே=0-ஐவிட 118.5 செ.மீ.⁻¹, அதாவது 170.5 கெல்வின் மேலே (இங்கே கெல்வினும் ஆற்றல் அலகாகவே வருகிறது). 20 கெல்வின் சுற்றுவட்டத்தில் சமநிலை விகிதத்தை ஒரே வரியில் கணக்கிடலாம்:

ஆர்த்தோ/பாரா = 9 × எக்ஸ்ப்(−170.5/டி)

டி கெல்வினில் வெப்பநிலை. ஒன்பதில் ஒரு மூன்று ஸ்பின் நிலைகளுக்கு, இன்னொரு மூன்று ஜே=1-இன் மூன்று திசை நிலைகளுக்கு. 20 கெல்வினில் ஆர்த்தோ 0.18%, 18-இல் 0.07%, 15-இல் 0.01%. ஆர்த்தோவைப் பாராவாக மாற்றும் வினையூக்கியை எந்த வெப்பநிலையில் வைப்பது என்பதை இந்த மூன்று எண்களை வைத்தே முடிவு செய்யலாம்.

மாற்றம் வெப்பத்தையும் வெளிவிடும். சாதாரண ஹைட்ரஜன் முழுதும் பாராவானால் மோலுக்கு 1.06 கிலோஜூல், கிராமுக்கு ஏறத்தாழ 530 ஜூல். திரவ ஹைட்ரஜனின் ஆவியாதல் வெப்பமே கிராமுக்கு 446 ஜூல்தான். மாற்றாமல் திரவமாக்கிச் சேமித்தால், வெளியிலிருந்து வெப்பமே வராவிட்டாலும் அது தன்னைத்தானே கொதிக்கவைத்துக்கொள்ளும்.

இடைவினையை ஒருமுறை கையால் கணக்கிடுங்கள்

கருவியைத் தொடுமுன் இதைச் செய்துவிட்டால், திரையில் என்ன தேடுகிறோம் என்று தெரியும்.

ஹைட்ரஜனுக்கு இருமுனைத் திருப்புத்திறன் கிடையாது, நான்முனைத் திருப்புத்திறன் (மின்னூட்டம் கோளமாக இல்லாமல் அச்சுவாக்கில் நீண்டிருப்பதன் அளவு) உண்டு. அதன் அளவு அணு அலகில் 0.485. பாரா படிகம் அறுகோண நெருக்கடுக்கு. ஒவ்வொரு மூலக்கூறையும் 3.79 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் 12 அண்டைகள் சூழ்ந்திருக்கும். 3.79 ஆங்ஸ்ட்ராம் என்பது 7.16 போர் ஆரம் (அணு அலகில் நீளத்தின் அலகு). அதன் ஐந்தாம் அடுக்கு சுமார் 18,840. திருப்புத்திறனின் வர்க்கம் 0.235. வகுத்தால் 1.25 × 10⁻⁵ அணு அலகு, அதாவது 2.74 செ.மீ.⁻¹ அல்லது 3.9 கெல்வின். இதுதான் அடிப்படை அளவு.

இரு மூலக்கூறுகளின் அச்சுகளை அசையாமல் பிடித்து வைத்ததாகக் கொள்ளுங்கள். ஒன்று மற்றொன்றின் இடுப்பைக் குத்துவதுபோல் செங்குத்தாக நின்றால் ஆற்றல் −3 மடங்கு. இரண்டும் ஒரே கோட்டில் முனையோடு முனை பார்த்தால் +6 மடங்கு. பக்கவாட்டில் இணையாக நின்றால் +2.25. செங்குத்து நிலைதான் பிடித்த நிலை, அதன் ஆற்றல் −12 கெல்வின்.

மூலக்கூறு சுழலும்போது இந்த எண்களெல்லாம் சராசரியாகிச் சிறுக்கும். அதனால் துறையில் காமா என்ற மாறிலியைப் பயன்படுத்துகிறார்கள். அடிப்படை அளவை 6/25-ஆல் பெருக்கினால் காமா கிடைக்கும்: 0.66 செ.மீ.⁻¹, சுமார் 0.95 கெல்வின். அருகருகே இரண்டு ஆர்த்தோ மூலக்கூறுகள் இருந்தால் அந்த இணையின் ஒன்பது நிலைகளும் −4, 0, 1, 6 காமா என்ற நான்கு மட்டங்களாகப் பிரியும்.

உண்மைப் படிகத்தில் காமா இன்னும் சிறிது குறைந்து 0.8 கெல்வின் அளவில் நிற்கும். காரணம் பூஜ்யநிலை அதிர்வு, அதாவது எவ்வளவு குளிர்ந்தாலும் நிற்காத குவாண்டம் அசைவு. ஒவ்வொரு மூலக்கூறும் தன் இடத்தைச் சுற்றி, அண்டைத் தொலைவில் ஏறத்தாழ 18% அளவுக்கு அலைகிறது. இந்த அதிர்வின் வலுவை இன்னொரு வழியிலும் பார்க்கலாம். இரு மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்புக் குழி 3.4 ஆங்ஸ்ட்ராமில், 34 கெல்வின் ஆழம். அண்டைகளைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்தால் மூலக்கூறுக்கு 200 கெல்வினுக்கு மேல் பிணைப்பு வரவேண்டும். கிடைப்பதோ சுமார் 90 கெல்வின். மீதியைப் பூஜ்யநிலை ஆற்றல் தின்றுவிடுகிறது. படிகமும் 3.4-க்குப் பதில் 3.79 வரை உப்பி நிற்கிறது.

ஜே=0-இலிருந்து ஜே=2-க்குப் போக 354 செ.மீ.⁻¹, அதாவது 510 கெல்வின் வேண்டும். சுழற்சியைத் தடுக்க அண்டைகள் தரக்கூடியதோ சில கெல்வின். அதனால்தான் மூலக்கூறு தன்போக்கில் சுழல்கிறது.

படி 1: வாயுவை மாற்றுதல்

99.999% தூய்மைக்குக் குறைந்த சிலிண்டர் வேண்டாம். வழியில் திரவ நைட்ரஜனில் முக்கிய கரிப்பொறி ஒன்று வையுங்கள். தண்ணீரும் ஆக்சிஜனும் அங்கேயே நின்றுவிடும். இயற்கை டியூட்டீரியத்தால் (கன ஹைட்ரஜன்) வரும் எச்டி மூலக்கூறு மில்லியனுக்குச் சுமார் 300 எப்போதும் இருக்கும். பொறி அதைப் பிடிக்காது, இந்த அளவீட்டுக்கு அது தொந்தரவும் இல்லை.

மாற்றி எளிமையானதுதான். கால் அங்குலச் செம்புக் குழாயில் நீரேறிய இரும்பு(III) ஆக்சைடு குருணையை நிரப்பி, இரு முனையிலும் நுண்வலை வைத்து அடைத்து, செம்பு உருளையில் சுற்றிக் குளிரூட்டியின் இரண்டாம் (மிகக் குளிர்ந்த) நிலையில் இறுக்கவேண்டும். வலையை மறந்தால் துருத்தூள் படிகம் வரை போய்விடும். அதன் காந்தத்தன்மை அங்கேயும் மாற்றத்தைத் தூண்டிக் கணக்கைக் குழப்பும்.

நிரப்பிய பிறகு வெற்றிடத்தில் 100 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேல் சூடாக்கி, ஓர் இரவு முழுதும் உறிஞ்சி எடுங்கள். ஈரம் போகாத வினையூக்கி வேலை செய்யாது. அவசரப்பட்டு மிக அதிகமாகச் சூடாக்கினால் நீரேறிய ஆக்சைடு வறண்டு வேறு கட்டமைப்புக்கு மாறி, செயல்திறனை இழக்கும்.

இயக்க வெப்பநிலை 15 கெல்வின். பாரா ஹைட்ரஜனின் முப்புள்ளி (திடம், திரவம், வாயு மூன்றும் சேர்ந்திருக்கும் வெப்பநிலை) 13.8 கெல்வின். அதற்குக் கீழே இறங்கினால் குழாய்க்குள்ளேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். வெப்பநிலைக் கட்டுப்பாட்டில் 0.2 கெல்வின் ஊசலாட்டம் இருந்தால் 14-இல் வைக்கத் துணியாதீர்கள். 15-இல் ஆவியழுத்தம் சுமார் 13 கிலோபாஸ்கல். வாயு அழுத்தத்தை 10-க்குள் வைத்தால் மாற்றிக்குள் திரவம் தேங்கித் திடீரெனப் பீய்ச்சும் தொல்லை இருக்காது.

படி 2: கலமும் படிகமும்

ஆக்சிஜனற்ற செம்பில் 2 செ.மீ. விட்டமும் 3 செ.மீ. நீளமும் உள்ள உருளைக் குழி, இரு முனையிலும் சாளரம், அடைப்புக்கு 1 மி.மீ. இண்டியம் கம்பி. திருகுகளை எதிரெதிர் வரிசையில் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி இறுக்குங்கள், ஏனென்றால் இண்டியம் மெல்ல வழிந்து தளர்ந்திருக்கும். இந்த இரண்டாம் இறுக்கைத் தவிர்த்தால் குளிர்ந்ததும் கசியும்.

குழியின் கனஅளவு 9.4 கன செ.மீ. திட ஹைட்ரஜனின் மோலார் கனஅளவு சுமார் 23.1 கன செ.மீ. ஆக 0.41 மோல், எடையில் 0.82 கிராம். இது அறை வெப்பநிலைக்கு வந்தால் பத்து லிட்டர் வாயு. எனவே கலத்தோடு 20 லிட்டர் காலித் தொட்டியை நிரந்தரமாக இணைத்துவிடுங்கள், படிகம் முழுதும் ஆவியானாலும் அரை வளிமண்டல அழுத்தத்தில் நிற்கும். நிரப்பும் குழாய் உறைந்து அடைபடலாம். அதனால் தொட்டிக்குப் போகும் குழாய் தனியாக இருக்கட்டும், அதில் அழுத்தம் மிஞ்சினால் கிழிந்து வழிவிடும் வெடிவட்டும் வேண்டும். காற்றில் 4% முதல் 75% வரை ஹைட்ரஜன் தீப்பற்றும். பம்ப்பின் புகைபோக்கி அறைக்குள் திறக்கக் கூடாது.

திரவத்திலிருந்து உறையவைப்பது சுலபம் என்று தோன்றும். ஆனால் திரவம் திடமாகும்போது கனஅளவு 11% சுருங்கும். விளைவு குழிகளும் விரிசல்களும், ஒளி சிதறி ஒன்றும் தெரியாது. வாயுவிலிருந்து நேரே வளர்ப்பதே நல்லது.

கலத்தை 8 கெல்வினில் நிலைநிறுத்துங்கள். அங்கே ஆவியழுத்தம் பத்துப் பாஸ்கல் அளவுதான், ஆனால் மூலக்கூறுகள் இடம் மாறிச் சீராக அடுக்கிக்கொள்ளும் அளவுக்கு வெதுவெதுப்பு உண்டு. நிரப்பும் குழாய் மெல்லிய துருப்பிடிக்கா எஃகாக இருக்கட்டும். சிறு ஹீட்டர் வைத்து அதை 20 கெல்வினுக்கு மேலேயே பிடியுங்கள். அடைப்பு வருவது பெரும்பாலும் இந்தக் குழாயின் கடைசி இரண்டு சென்டிமீட்டரில்தான்.

வாயுவை ஒரே சீரான வேகத்தில் விடுங்கள். ஒரு மணி நேரத்தில் நிரப்பினால் படிவு வெப்பம் 0.12 வாட். சிறு குளிரூட்டி இதைத் தாங்கும், ஆனாலும் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்வது நல்லது. சாளரத்தில் பார்த்தால் சுவரையொட்டி ஒளிபுகும் வளையம் தோன்றி நடுவை நோக்கித் தடிக்கும். பால்போல் மங்கினால் வேகம் அதிகம் அல்லது கலம் 6 கெல்வினுக்குக் கீழே போய்விட்டது. அதைத் தேற்ற முயலாமல் 12 கெல்வினுக்கு ஏற்றி உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடி தொடங்குவதுதான் நேரம் மிச்சம்.

நிறைந்ததும் அரை மணி நேரம் 8 கெல்வினிலேயே விட்டு, பிறகு நிமிடத்துக்கு 0.05 கெல்வின் வீதம் 4-க்கு இறக்குங்கள், எண்பது நிமிடம் ஆகும். அவசரமாக இறக்கினால் சுருக்கத்தில் சுவரை விட்டுப் பிரிந்து கீறல் ஓடும்.

இப்படி வளரும் படிகத்தில் அறுகோண அச்சு சுவருக்குச் செங்குத்தாக, ஆரத்தின் திசையில் அமையும். நடு அச்சில் எல்லாத் திசைகளும் கலந்து கிடக்கும், கடைசியாக மூடிய துளையின் மங்கலும் அங்கேதான். லேசரை மையத்திலிருந்து 4 மி.மீ. தள்ளி விடுங்கள்.

படி 3: ராமன் அளவீடு

ஒளி மூலக்கூறில் சிதறும்போது ஆற்றலை இழந்தோ பெற்றோ நிறம் மாறுவது ராமன் விளைவு. அது வெளியான மறு ஆண்டே, 1929-இல், டொரான்டோவில் மெக்லென்னனும் மெக்லியோடும் திரவ ஹைட்ரஜனில் 354, 588 அருகே கோடுகளைக் கண்டார்கள். திரவத்திலும் மூலக்கூறு தனியாகச் சுழல்கிறது என்பதற்கு அது நேரடிச் சான்று. திடத்தின் மும்மைக் கோட்டை அதே நகரில் பட்நாகர், ஆலின், வெல்ஷ் மூவரும் 1962-இல் வெளியிட்டார்கள். அதன் கோட்பாட்டைக் கட்டியவர் வான் கிரானென்டோங்க்.

532 நா.மீ. பச்சை லேசர், 50 முதல் 100 மில்லிவாட் போதும். 354 செ.மீ.⁻¹ நகர்வு 542.2 நா.மீ. அருகே விழும். அங்கே 1 செ.மீ.⁻¹ என்பது 0.029 நா.மீ. மட்டுமே. கோடுகளின் இடைவெளி 2 செ.மீ.⁻¹ என்பதால் பிரிதிறன் 0.5-ஐவிட நன்றாக இருக்கவேண்டும். ஒரு மீட்டர் நீளமுள்ள நிறமாலைமானி, மில்லிமீட்டருக்கு 1800 கோடுள்ள கிராட்டிங், 20 மைக்ரான் பிளவு என்று வைத்தால் 0.35 வரை கிடைக்கும். கையடக்க ராமன் கருவிகள் இதற்குப் பயன்படா, மூன்று கோடும் ஒரே மேடாகத் தெரியும்.

அளவுகோலுக்கு நியான் விளக்கின் 540.056 நா.மீ. கோடு பக்கத்திலேயே இருக்கிறது. லேசரின் உண்மையான அலைநீளத்தையும் அதே நாளில் அளந்துகொள்ளுங்கள், உறையின்மேல் அச்சிட்ட 532 என்ற எண்ணை நம்பவேண்டாம். இன்னும் நல்ல வழி, குளிர்விக்குமுன் கலத்தில் சாதாரண ஹைட்ரஜனை நிரப்பி அறை வெப்பநிலையில் ஒரு பதிவு எடுப்பது. 354.4 (ஜே=0→2), 587.0 (1→3), 814.4 (2→4) என்ற கோடுகள் அப்படியே அளவுகோலாகும். அந்தப் பதிவில் 587 கோடு 354 கோட்டைவிடச் சுமார் மூன்று மடங்கு உயரமாக இருக்கவேண்டும். இல்லையென்றால் உங்கள் கருவியின் உணர்திறன் சாய்வாக இருக்கிறது என்று பொருள். திருத்தக் காரணியை அப்போதே குறித்துக்கொள்ளலாம்.

நீலக்கல் சாளரம் வைத்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நீலக்கல்லுக்கே 378, 418, 578 செ.மீ.⁻¹-இல் ராமன் கோடுகள் உண்டு. 578 கோடு ஆர்த்தோவின் 587-க்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏமாற்றும். காலிக் கலத்தின் பதிவைக் கழித்துவிடுங்கள், அல்லது ஒளியைப் பக்கவாட்டில் 90 டிகிரியில் சேகரியுங்கள்.

படி 4: கோடுகளை வாசிப்பது

ஒளி ஒரு மூலக்கூறை ஜே=2-க்கு ஏற்றினால் அந்தக் கிளர்ச்சி அந்த மூலக்கூறிலேயே தங்குவதில்லை. நான்முனை இடைவினை அதைப் பக்கத்து மூலக்கூறுக்குக் கைமாற்றுகிறது. முழுப் படிகத்திலும் அலையாகப் பரவும் இதற்கு ரோட்டான் என்று பெயர். சுழற்சியின் திசை நிலையைப் பொறுத்து கைமாற்றும் ஆற்றல் மாறுவதால் கோடு மூன்றாகப் பிரிகிறது: அறுகோண அச்சைப் பொறுத்த திசையெண் ±1 தாழ்ந்தது (351.8), ±2 நடு (353.9), 0 உயர்ந்தது (355.8).

திசை ஒழுங்கற்ற பல்படிகத்தில் இவற்றின் செறிவு 2:2:1. உங்கள் பதிவில் அப்படி வராவிட்டால் பதறவேண்டாம். திசை ஒழுங்குள்ள படிகத்தில் லேசரின் முனைவாக்கத்தைத் திருப்பத் திருப்ப விகிதம் மாறும், படிகம் நன்றாக வந்திருப்பதற்கு அதுதான் சாட்சி. கவலைப்படவேண்டியது வேறு: மூன்றுக்கு மேல் கோடுகள் வந்தால் முகமையக் கனசதுர அடுக்கு கலந்திருக்கிறது. 2 முதல் 4 கெல்வினில் வேகமாகப் படியவைத்த படலங்களில் இது சகஜம். 5 கெல்வின் அளவுக்கு ஏற்றிச் சிறிது நேரம் வைத்தால் அறுகோணமாக மாறிவிடும், மீண்டும் குளிர்வித்தாலும் பழையபடி திரும்பாது.

மூன்றும் கலங்கி அகன்று தெரிந்தால் ஆர்த்தோ அதிகம். எவ்வளவு என்பதை 587 கோட்டைக் கொண்டு அறியலாம். ஒரு மூலக்கூறுக்கான செறிவில் ஜே=1→3 மாற்றம், ஜே=0→2 மாற்றத்தில் 3/5 பங்கு. ஆகவே இரண்டு கோடுகளின் பரப்பு விகிதத்தை 0.6-ஆல் வகுத்தால் ஆர்த்தோ/பாரா விகிதம் வந்துவிடும். 587-இன் பரப்பு மும்மைக் கோட்டின் மொத்தப் பரப்பில் 0.03 என்றால் ஆர்த்தோ சுமார் 5%. அதிர்வெண் வேறுபாட்டுக்காக 5% திருத்தம் சேர்க்கலாம். 0.1%-க்குக் கீழே இந்த முறை திணறும். அங்கே அகச்சிவப்பில் 4153 செ.மீ.⁻¹ கோட்டைப் பாருங்கள், பாரா மட்டும் இருந்தால் அது வரவே கூடாது, ஆர்த்தோ அண்டை இருந்தால்தான் தோன்றும்.

காத்திருந்தால் தானாகப் பாராவாகாதா?

ஆகும், ஆனால் மெதுவாக. திடத்தில் ஓர் ஆர்த்தோவின் காந்தப்புலம் பக்கத்து ஆர்த்தோவைப் புரட்டுகிறது. இரண்டு பேர் சேரவேண்டியிருப்பதால் வேகம் ஆர்த்தோ பங்கின் வர்க்கத்தைப் பொறுத்தது, மாறிலி மணிக்கு 0.019. கணக்கு எளிது: இறுதிப் பங்கின் தலைகீழிலிருந்து தொடக்கப் பங்கின் தலைகீழைக் கழித்து 0.019-ஆல் வகுத்தால் மணி நேரம். 75%-இலிருந்து 50%-க்கு 35 மணி. 10%-க்கு 19 நாள். 1%-இலிருந்து அரை சதவீதத்துக்கு 219 நாள். வினையூக்கி இல்லாமல் தப்பிக்க வழியில்லை என்பதற்கு இந்தக் கடைசி எண்ணே போதும்.

சாதாரண ஹைட்ரஜனையே உறையவைத்தால் தொடக்கத்தில் மோலுக்கு 4 மில்லிவாட் வெப்பம் உள்ளேயிருந்தே ஊறும். மில்லிகெல்வின் வேலை செய்ய நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்காமல் குளிரூட்டியைக் குறை சொல்வதுண்டு.

ஆர்த்தோ நிறைந்த படிகம் வேறு காரணத்துக்காகச் சுவையானது. ஜே=1 மூலக்கூறுக்கு முதலிலிருந்தே திசை உண்டு, அதனால் காமா அதை நேரடியாகப் பிடிக்கும். தூய ஆர்த்தோ 2.8 கெல்வினுக்குக் கீழே கனசதுர அடுக்குக்கு மாறி, நான்கு திசைகளில் ஒழுங்காகப் படிந்துவிடும். ஆர்த்தோ பங்கு ஏறத்தாழ 55%-க்குக் கீழே போனால் இந்த நெடிய ஒழுங்கு வராது, மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் திசைகள் தாறுமாறாக உறைந்த நான்முனைக் கண்ணாடி நிலைதான் வரும்.

ஜே=0 மூலக்கூறுகளை அப்படி நிறுத்த அழுத்தம் வேண்டும். தொலைவு 1% குறைந்தால் காமா 5% கூடும். பாரா ஹைட்ரஜனில் சுழற்சி முடங்க 110 கிகாபாஸ்கல் தேவைப்பட்டது. டியூட்டீரியத்துக்கு 28 போதும், அதன் சுழற்சி மட்டங்களின் இடைவெளி ஹைட்ரஜனில் பாதிதான். வைர அடைகல் (இரு வைர முனைகளுக்கு இடையே அழுத்தும் கருவி) இல்லாத ஆய்வகத்தில் இது நடக்காது.

படி 5: படிகத்தைக் கலைத்தல்

தொட்டிக்கான வால்வு திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நிரப்பும் குழாயின் ஹீட்டரைப் போட்டு அடைப்பில்லை என்று உறுதிசெய்த பிறகே கலத்தைச் சூடேற்றத் தொடங்குங்கள், 10 கெல்வின் வரை மெதுவாக, அழுத்தமானியைப் பார்த்தபடி. 13.8-ஐத் தாண்டும்போது உருகி, சூடான சுவரைத் தொட்டு அழுத்தம் எகிறும், அங்கே சில நிமிடம் நிறுத்தி வையுங்கள்.

தொட்டியில் சேர்ந்த வாயுவை வெளியே விடவேண்டியதில்லை. துருவோ காந்த அசுத்தமோ இல்லாத அலுமினியச் சிலிண்டரில் அடைத்தால் அறை வெப்பநிலையிலும் நாட்கணக்கில் பாராவாகவே இருக்கும், அடுத்த படிகத்துக்கு அதையே எடுக்கலாம். உட்புறம் துருவேறிய எஃகுச் சிலிண்டரில் அடைத்தால் துருவே வினையூக்கியாகி, மெல்ல 75% ஆர்த்தோவுக்கே திருப்பிக் கொண்டுவந்துவிடும்.